மாந்தோப்பில் ஒரு மலைப்பலா

இன்று காலை பங்காருபாளையத்திலிருந்து காய் பார்க்க வந்த வியாபாரி, தோப்புக்குள் நாலு அடி வைத்ததும் வாசனையை உறிஞ்சிக்கொண்டு நின்றுவிட்டார். "இக்கட பனச உந்தா?" என்று, இங்கே பலா இருக்கிறதா எனத் தெலுங்கில் கேட்டார். மாமரங்களுக்கு நடுவே பலா வாசனை வந்தால் யாருக்கும் ஆச்சரியம்தான். "எங்க வீட்டம்மா வெச்சது" என்றேன். சொன்னதிலிருந்து உன்னோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது.

குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்த உன் அண்ணன், காட்டு மரத்துப் பழம் என்று ஒரு பலாவைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். தின்று முடித்த கையோடு நீ கொட்டைகளைக் கழுவி, கிணற்றுக்குக் கிழக்கே ஐந்து குழிகளில் போட்டாய். "ஓயாம மழ கொட்டற காட்டு மரம். நம்ம மண்ணுல வருமா?" என்றேன். "போட்டுப் பாக்கறதுல இன்னா மாமா?" என்றாய். ஒன்றுதான் முளைத்தது.

ஆந்திரா தனி மாநிலமாகியிருந்த சமயம். எல்லையில் இருந்த நம் ஊர் தமிழ்ப் பக்கம் போகுமா, தெலுங்குப் பக்கம் போகுமா என்பதுதான் எங்கேயும் பேச்சு. திருத்தணியில் இருந்த என் அண்ணன், "தோப்பை வித்துட்டு இங்க வந்துடு, பிள்ளைங்க தமிழ்ல படிக்கட்டும்" என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். எனக்கும் அதே எண்ணம். நீ மட்டும் பிடிகொடுக்கவில்லை. "இந்தச் செடி கொஞ்சம் தலையெடுக்கட்டும், பாக்கலாம்" என்பாய்.

இரண்டாவது பிரசவத்துக்கு நீ சத்தியவேட்டில் உன் அம்மா வீட்டுக்குப் போனாய். நல்ல கோடை. வண்டியில் ஏறும்போதுகூட, "எல வாடறதுக்கு முன்னாடியே தண்ணி ஊத்திடு மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் ஊற்றவில்லை. மறந்துபோகவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். செடி போய்விட்டால் உனக்கு இங்கே பிடிப்பு விட்டுப்போகும் என்று நினைத்தேன். இலைகள் பழுப்பாகி உதிர்வதைத் தினமும் பார்த்துக்கொண்டே கடந்து போனேன்.

கைக்குழந்தையோடு நீ திரும்பி வந்தபோது அங்கே ஒரு குச்சிதான் நின்றது. உட்கார்ந்து நகத்தால் அடித்தண்டைக் கீறிப் பார்த்தாய். உள்ளே பச்சை. "உசிரு இருக்குது" என்று சொல்லி அழுதுவிட்டாய். "நான் இல்லாத நேரம் பாத்து வெயில் இப்டி கொளுத்திடுச்சே" என்றாய். அன்றே தென்னங்கீற்றால் நிழல் கட்டினேன். அதற்குப் பிறகு உன்னை ஒரு குடம் தூக்க விட்டதில்லை. விடிந்ததும் முதலில் அந்தச் செடியைப் பார்த்தால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும்.

எல்லை முடிவானது. திருத்தணி தமிழ்ப் பக்கம் போனது, நாம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். என் அண்ணனே தோப்பை வாங்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீயும் அதற்குள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாய். "பிள்ளைங்க படிப்புக்குன்னா போலாம் மாமா" என்றாய். வந்தவர் என் தோள் உயரம் வளர்ந்திருந்த பலாவைக் காட்டி, "இதைப் பிடுங்கிட்டா இன்னும் ஒரு மாங்கன்று வைக்கலாம்" என்றார்.

"நான் விக்கல" என்றேன்.

அண்ணன் கோபித்துக்கொண்டு கிளம்பினார். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

பல வருஷம் கழித்து அடிமரத்தில் முதல் காய் பிடித்துப் பழுத்தது. நீ கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுக்க உட்கார்ந்தபோது, அந்தக் கோடையில் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றாமல் விட்டதைச் சொல்லிவிட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டு நிறையச் சுளையோடு வந்தாய்.

"இந்தா, துன்னு. அந்தச் செடிக்கு நீ ஏன் அப்டி வுழுந்து வுழுந்து தண்ணி ஊத்துனேன்னு இப்பத்தான் புரியுது" என்றாய். சொல்லும்போதே உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்றைக்குச் சிரித்தபோது அத்தனை வருஷம் சுமந்த பாரம் இறங்கியது. நம் பிள்ளைகள் வீட்டிலும் அன்று கோபித்துக்கொண்டு போன அண்ணன் வீட்டிலும் இந்த மரத்தின் கன்றுகள் இப்போது காய்க்கின்றன. நீ போய்விட்டாய் என்ற வருத்தம் உண்டு. ஆனால் உன்னிடம் சொல்லாமல் விட்டது என்று என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த லேசான மனசோடுதான் ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கிறேன்.