ரஹீமு சித்தியின் கடல் சத்தம்

இயேசு மரி சூசை துணை

கல்மண்டபம், இராயபுரம்.

இதனால் இராயபுரம் வாழ் பொதுமக்களுக்கும், கடல் கடந்து மஸ்கட்டில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டு மூத்த வாரிசு ஆன்சி அவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஒன்றரை வருடமாகத் தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்த நம் வீட்டுக் குளியலறைக்குச் சென்ற செவ்வாயன்று தாழ்ப்பாள் போடப்பட்டுவிட்டது. உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்க இனி யாரும் பாட வேண்டியதில்லை. மாட்டியவர்: உன் தம்பி பென்னி.

மேலே உள்ளதை அடிக்கச் சொல்லி அம்மா கத்துகிறது. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இனிமேல் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது.

அன்பு மகள் ஆன்சிக்கு அம்மாவின் ஆசீர். இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் உன் வார்டில் படுத்திருப்பவர்களும் சுகப்பட மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மீன் அலசிய தண்ணீரில் வழுக்கி விழுந்ததைப் பென்னி உனக்குப் போனில் சொல்லிவிட்டானாம், பயப்படாதே, வலது கையில் மாவுக்கட்டு, இடது காலில் வீக்கம், அவ்வளவுதான். (குறுக்காக அடிபட்டிருக்கிறது அக்கா. சிலுவையம்மாள் என்று பேர் வைத்தால் இப்படித்தான்.) நீ மூன்று வேளையும் அந்தக் குப்பூஸ் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, இந்தப் பார்சலில் நெத்திலிக் கருவாடும் இட்லிப்பொடியும் இருக்கின்றன. இப்போது முக்கியமான சங்கதி. நம் ரஹீமுன்னிசா கண்மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது, அவள் வீட்டுக்காரர் நசீர் கோயமுத்தூரிலிருந்து வந்து நம் வீட்டில் மூன்று நாள் தங்கிப் போனார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, ஊர் நாறும் என்று சொல்லிப் பைக்கடையை விட்டு நகரமாட்டார். அவள்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முடிந்ததும் தனியாக ரயிலேறி வந்து நம்மோடு தங்கி, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளில் சுற்றிய இடமெல்லாம் சுற்றிவிட்டுப் போவாள். உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப அப்பா ஒத்துக்கொண்டதே அவள் பேச்சைக் கேட்டுத்தான். இன்னா யேசு அண்ணே, பொண்ண வூட்ல பூட்டி வெச்சுக்கினு இன்னா பண்ணப்போற என்று அப்பாவைக் கேட்டாள், மறுவாரமே அவர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்தார். அதை நீ மறக்கக்கூடாது. அவள் சுற்றிய இடங்களைப் பார்க்கவேண்டும் என்று அவர் வந்து நின்றால் நானோ மாடிப்படிகூட ஏறமுடியாமல் கிடக்கிறேன். பென்னிதான் கூட்டிக்கொண்டு போனான். அதை அவனே எழுதட்டும்.

அக்கா, உன் தம்பி இப்போது இராயபுரம் வட்டாரத்தின் அதிகாரபூர்வ வழிகாட்டி. ரஹீமு சித்தியோடு மூன்று வருடம் பை தூக்கிச் சுற்றிய அனுபவம் வேறு யாருக்கு உண்டு? முதலில் நான் சித்தி வீட்டுக்காரரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஆட்டோக்காரரைக்கூட ஏனுங்க, சித்த மெதுவா போங்க என்றார். ஆட்டோக்காரர் பயந்துபோய் மீட்டர் போட்டுவிட்டார். விடிகாலையில் காசிமேட்டில் படகு வந்து சேர்வதைப் பார்த்தோம், சித்தி பிறந்த தெருவில் இப்போது நிற்கிற அடுக்குமாடியைப் பார்த்தோம், பிறகு பஸ் பிடித்துத் திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி முகத்துவாரக்குப்பம். எண்ணூர் வந்ததும் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தார். குப்பத்தில் சித்தி வருடாவருடம் இறால் வாங்குகிற கெங்கம்மா என்னைப் பார்த்ததும், இன்னா நைனா, அந்தக் கோயமுத்தூரு அம்மா வர்லியா என்று கேட்டது. நான் வாயைத் திறக்கும்முன் அவரே, அவங்க இல்லீங்க, நான் அவங்க ஊட்டுக்காரனுங்க என்றார். கெங்கம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரவைத்து, அது இங்கதான் குந்திக்கினு கெடக்கும், என் ஆளு இந்த நாத்தத்துக்கு வராது கெங்கம்மான்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், வந்துட்டியே சாமி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டது. கர்ச்சீப் எங்கே போனது என்று தெரியவில்லை, அப்புறம் அவர் தேடவும் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் நான் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அந்த பஸ்ஸில்தான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். வருடாவருடம் சாயங்காலம் ஒரு இடத்திலிருந்து சித்தி அவருக்குப் போன் போடுமாம். இன்னாங்க, கடல் சத்தம் கேக்குதா என்று கேட்டுப் போனை நீட்டிப் பிடிக்குமாம். இரைச்சலாக வரும், நடுவில் கப்பல் ஊதும், புறா முனகும். இவர், யாவாரம் ஆகுற நேரத்துல என்ன புள்ள இது என்று வைத்துவிடுவாராம். ஒருக்காக்கூட முழுசாக் கேக்கலீங்க தம்பி, அந்த எடத்த மட்டும் காட்டிப்போடுங்க என்றார். அம்மாவுக்கே தெரியாத இடம். ஆனால் வழிகாட்டி யார்? காசிமேட்டுக் கரையோரம் கொட்டியிருக்கிற பாறாங்கற்களில் சித்தி உட்கார்ந்த கல்லையே கண்டுபிடித்துக் காட்டினேன். இதே கல், இதே வேர்க்கடலை வண்டி என்று சொன்னேன். புறா எங்கீங்க என்று கேட்டார், இன்றைக்கு அதுகளுக்கு லீவு என்றேன். அவர் அந்தக் கல்லில் உட்கார்ந்து இருட்டும்வரை கடலைப் பார்த்தார். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு நீட்டிப் பிடித்து, சிலுவக்கா, கேக்குதுங்களா என்றார். இங்கே அம்மா அழுதுகொண்டே, கேக்குதுண்ணே, நல்லா கேக்குது என்றதாம்.

மறுபடி அம்மா. கேட்டாயா ஆன்சி, யார் வீட்டிலோ பிறந்த ஒரு பெண் என் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்ததற்கு ஆண்டவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. இந்த வாலுப்பையனும் உருப்படியாக ஒரு காரியம் செய்தான், அதற்கும் நன்றி. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக அந்தக் கல்லுக்குப் போய் ரஹீமு பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும். நீ டூட்டி டூட்டி என்று போனை வைக்கிறாய், குறையாகச் சொல்லவில்லை, நான் சும்மா குக்கர் விசிலைக் கேட்கச் சொன்னாலும் கொஞ்சம் கேட்டுவிட்டு வை. மாதா உன் பக்கத்திலேயே இருந்து காப்பாளாக. கருவாட்டை வெயிலில் ஒருநாள் போட்டுவிட்டு டப்பாவில் வை, மறக்காதே.

உன் அம்மா,
சிலுவையம்மாள்
(இடது கையால் போட்டது. நண்டு நடந்ததல்ல.)

அக்கா, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டது, சீக்கிரம் எழுதுகிறேன். அந்தக் கல்லை நான் கண்டுபிடிக்கவெல்லாம் இல்லை. எனக்குக் கால் வலித்தது, பசித்தது, வேர்க்கடலை வண்டி பக்கத்தில் இருந்தது. அதனால் அந்தக் கல். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சித்தப்பா துவைத்த லுங்கியைக் காயப்போட நம் மாடிக்குப் போனார், கிளிப் எடுத்துக்கொண்டு நானும் போனேன். பக்கத்து மாடியில் கோவிந்தம்மா வீட்டுப் புறாக்களைக் கூண்டில் அடைத்துக்கொண்டிருந்தார்கள், அதுகள் முனகின. ஹார்பரில் கப்பல் ஊதியது. கீழே ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக இரைந்துகொண்டு போயின. சித்தப்பா லுங்கியும் கையுமாக நின்றுவிட்டார். ஏனுங் தம்பி, இதானுங்களே கடலு என்றார். துணி எட்த்துக்கினு வரேன் என்று சித்தி சாயங்காலமானால் மாடிக்குப் போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக லாரியைக் கடல் என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறது! திட்டப்போகிறார் என்று நான் படிப்பக்கம் நகர்ந்தேன். அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து, லுங்கியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்க சித்தியும் நீங்களும் சேர்ந்து என்னைய நல்லா ஏமாத்திப்போட்டீங்க என்றார். அப்புறம் போனை நீட்டிப் பிடித்து லாரியெல்லாம் போய் முடியும்வரை பதிவு செய்துகொண்டார்.

மெழுகுவர்த்தியை மாடியில் ஏற்றினால் போதும் என்று நீயே அம்மாவிடம் போனில் பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் இடது கையாலேயே அடிக்கும். அப்புறம் அந்தத் தாழ்ப்பாளும் சித்தப்பா மாட்டியதுதான். முதலில் நான் மாட்டியதில் அவரே உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே எடுக்கும்வரை பாடிக்கொண்டிருந்தார்.