உள்பக்கமாக எட்டு டிகிரி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். விழுப்புரத்தில் ஏறும்போதே துப்பட்டா நனைந்துவிட்டது. கோமதி முண்டியம்பாக்கத்தில் ஏறினாள், விக்கிரவாண்டிக்குள் எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டாள். எப்படித்தான் பிடிக்கிறாளோ. மூன்று வருடம் கல்லூரிக்கும் இப்படித்தான் போனோம். இந்த வேலையைச் சொன்னதும் அவள்தான்.

திண்டிவனம் வயலின் பட்டறையில் இன்று என் வேலை: ஆர்டர் படிவத்தைத் தமிழில் மாற்றுவது. எலெக்ட்ரிக் வயலின் வாங்குபவர் எதையெல்லாம் தேர்ந்தெடுக்கலாம்?

மரம் - பலா, தேக்கு, தூங்குமூஞ்சி
தந்தி - நாலா, ஐந்தா
உடம்பு - முழு வடிவம் / வெறும் சட்டம்
தலை - சுருள் உண்டு / தலையே இல்லை
ஹெட்போன் துளை, வால்யூம் குமிழ் எந்தப் பக்கம்
நிறம் - (கோமதி: "மயில் கழுத்து கலர் போடுடீ." போட்டேன்.)

மதியம் பாண்டிச்சேரியிலிருந்து வயலின் டீச்சர் வந்தார். கச்சேரி செய்பவர். தலை இல்லாத மாடலை ஆசையாக எடுத்தார், கனம் குறைவு என்று. பாயில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். கச்சேரிக்காரர்களுக்கு வயலினின் தலை கணுக்கால் மேல் நிற்க வேண்டும். இதில் தலையே இல்லை. வழுக்கிக்கொண்டே போனது. துண்டைச் சுற்றிப் பார்த்தார். "நின்னு வாசிக்கிறவங்களுக்குத்தான் பண்றீங்க பாஸ்கர். எங்களுக்கு இல்ல." பட்டறை முதலாளி பாஸ்கர் சாரின் முகம் சுருங்கிவிட்டது.

டீச்சர் போனதும் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "இதுக்கு யார் வழி சொல்றீங்களோ, அவங்களுக்கு டிசைன் டேபிள். ஆர்டர் வேலை பாக்க வேணாம்."

டிசைன் டேபிள் ஜன்னலோரம் இருக்கிறது. வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். எனக்கு அது வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் மழை. கரண்ட் இல்லை. வயலினுக்குப் பதிலாகப் பூரிக்கட்டையைக் கணுக்கால் மேல் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் கட்டினேன்.

அம்மா: "அப்பன் செருப்ப கால்ல கட்டிக்கினு உக்காந்துகினு கீறாளே. இதுக்கா பி.எஸ்சி. படிக்க வெச்சோம்?"

கண்டுபிடித்தது: ரப்பர் திண்டு நேராக இருந்தால் பாரம் முழுவதும் எலும்பு முட்டின் மேல். பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடுகிறது. கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்தால் பாரம் சதைக்குப் போய்விடுகிறது. வழுக்கவும் இல்லை. பிளஸ் டூ ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடியெடுத்து அளந்தேன். எட்டு டிகிரி. ஆறில் வலி. பத்தில் கட்டை உருண்டுவிடுகிறது.

வயலின் நுனியில் மாட்டும் தாங்கியாக இரண்டு முறை வரைந்தேன். இரண்டாவது சுத்தமாக வந்தது.

ஜூலை 9, புதன்

திரும்பும்போது பஸ்ஸில் கோமதியிடம் காட்டினேன். ஏன் சாய்வு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கூட்டேரிப்பட்டு வரை. அவள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டு "ம்" "ம்" என்றாள். பிறகு படத்தைப் போட்டோ எடுத்தாள்.

"சூப்பர்டீ. சார்கிட்ட சொல்லு."

"எனக்கு வாய் வராது கோமதி. நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"சரி வுடு. நாளைக்கு ஜல்தியா போய் முடிச்சிடுவோம்."

மனசு லேசாகிவிட்டது. ஆளுக்கு ஒரு மல்லாட்டைப் பொட்டலம், உரித்துத் தின்றோம்.

ஜூலை 10, வியாழன்

அப்படியே எழுதுகிறேன். மாற்றாமல்.

கோமதி: "சார், நான் ஒண்ணு யோசிச்சேன்."

'நாங்க' என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனில் நான் வரைந்த படம். ஓரத்தில் என் கட்டைவிரல்கூடத் தெரிகிறது. சார் பெரிதாக்கிப் பார்த்தார். "அட! கணுக்காலுக்குத் தனியா ஒரு தாங்கி. நல்லா இருக்கே." என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற புனிதா?"

"நல்லா இருக்கு சார்."

இதைச் சொன்னது நான்தான்.

சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். எலுமிச்சை சாதம். அம்மாவிடம் பசியில்லை என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். டேபிள் அவளுக்கு. நாற்காலியை அவளே இழுத்துக்கொண்டு போனாள். சக்கரம் கீச்சென்றது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். நேற்றிரவு முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம், பாதிதான் வந்தது. "ஏன் கோமதி…"

"என்ன ஏன்? பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்றேன்னு சொன்ன."

"சொன்னேன்ல? நான் சொல்லலன்னா அது உன் நோட்டுலயே கெடக்கும். அந்த டேபிள்ல உக்காந்தா கஸ்டமர்கிட்ட பேசணும், சார்கிட்ட சண்ட போடணும். நீ பேசுவியா? பேஜாரு பண்ணாதடீ, எல்லாரும் பாக்கறாங்க."

பக்கத்து சீட் ஆயா உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் சொன்னதில் பாதி சரி. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 12, சனி

மாதிரி தயார். மரவேலை ஏழுமலை அண்ணன் பலாத் துண்டில் செதுக்கியிருந்தார். கையில் வாங்கிச் சாய்வை விரலால் தடவிப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட அழகு.

வீடியோ எடுக்க ஒரு கால் வேண்டும். கோமதி லெக்கின்ஸ், கணுக்கால் தெரியாது. "புனிதா, நீ உக்காரும்மா," என்றார் சார். உட்கார்ந்தேன். கோமதி கேமரா பார்த்துப் பேசினாள். "வணக்கம், நான் கோமதி. இது என்னோட முதல் டிசைன்."

என் கால் மட்டும் அசையாமல் இருந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். ரேஷன் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் போனில் அந்த வீடியோ. அம்மா எட்டிப் பார்த்தது. "ஏய், இது உன் காலுதான? அருவா பட்ட தழும்பு கீதே."

"ஆமாம்மா."

"மூஞ்சி எங்கடீ?"

சாம்பார் தீய்கிறது என்று எழுந்து போனேன். தீயவில்லை.

ஜூலை 14, திங்கள்

மேகம். மழை இல்லை. கோமதி இடம் பிடித்திருந்தாள். நான் நின்றுகொண்டே போனேன்.

டீச்சர் வந்தார். மாதிரியைப் பொருத்தி, பாயில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசித்தார். வழுக்கவில்லை. சார் சிரித்தார். டீச்சர் தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏம்மா உள்பக்கம் சாஞ்சிருக்கு? தப்பா வெட்டிட்டாங்களா?"

கோமதி: "இல்ல மேடம். அது… பாக்க அழகா இருக்கும்னு."

"காலுக்கு அடியில யார் பாக்கப் போறா?" டீச்சர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "புதுசா இருக்கு. காரணம் தெரிஞ்சா பழகிக்கிறேன். இல்லன்னா நேரா வெச்சுடுங்க, அதுதான் எனக்குப் பழக்கம்."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் அறிந்தவரை அவள் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. "புனிதா, நீதான படம் சுத்தமா வரைஞ்ச. சொல்லேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சார், டீச்சர், கதவருகே ஏழுமலை அண்ணன். எலும்பு, சதை, பாரம், ஆறு, எட்டு, பத்து - எல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தது. வாய் வராமல் இல்லை. வந்திருக்கும். இன்று நிச்சயம் வந்திருக்கும்.

"தெரியாதுங்க மேடம்."

சத்தமாகவே சொன்னேன்.

"அப்ப நேரா வெட்டிடலாம் மேடம்," என்றார் சார். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்டர் படிவம் நிரப்புவது என் வேலை. மரம்: பலா. தந்தி: ஐந்து. தலை: இல்லை. கணுக்கால் தாங்கி: உண்டு. சாய்வு: வேண்டாம்.

ஒரு மணி நேரக் கச்சேரியில் அந்த அம்மாவுக்குக் கால் மரத்துப்போகும். எனக்கு மட்டும் தெரியும்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். பஸ் தாமதம். நான் போனபோது ஏழுமலை அண்ணன் பலகையில் கோடு போட்டுவிட்டிருந்தார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மா இது, நேத்து நல்லாத்தான நின்னுச்சு. யாரு சாய்வ எடுக்கச் சொன்னது? கோமதியா?"

"இல்லண்ணா. நான்தான்."

என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. தெரிஞ்சுதான் சொல்லுவ."

ரம்பத்தைப் போட்டார்.