லாரிக்கு ஒரு டப்பா

மார்ச் 4, செவ்வாய்

சாயங்காலம் லாரி வந்து வாசலில் ஏறி நின்றது. இன்ஜினில் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது எண்ணெய். ஒரு குவளை ஊற்றினேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணெய்க் குச்சி என் கையில்தான். வண்டியை யார் ஓட்டினாலும் சரி, குச்சியைத் தொடக் கூடாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் அந்த இன்ஜின் எந்த மழையில் நின்றது, எந்த மேட்டில் இருமியது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

இப்போது ஓட்டுவது என் மகன் பெண்டாட்டி. நன்றாகத்தான் ஓட்டுகிறாள். இதை இங்கே எழுதுவதோடு சரி, அவளிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 5, புதன்

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ரப்பர் குழாயைக் கொண்டுவந்து பேப்பர் விரித்து என் முன்னால் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க அத்தை."

உள்ளே விரல் விட்டேன். எண்ணெய். பிசுபிசுவென்று ஒட்டியது.

"இது காத்து மட்டும் போக வேண்டிய குழாய். இன்ஜின் விடுற மூச்சுல எண்ணெய் கலந்து வந்து, திரும்ப இதுக்குள்ளயே போகுது. மேட்டுல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. இப்படியே விட்டா சீக்கிரம் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். நடுவுல ஒரு டப்பா வச்சா எண்ணெய் அதுல தங்கிடும், காத்து மட்டும் போகும்."

"யார் சொன்னா?"

"மெக்கானிக்."

எந்த மெக்கானிக் என்று கேட்க வேண்டுமா? நாங்கள் 'நாளைக்கு' என்று கூப்பிடுகிற அதே ஆள்தான். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பான். டீசல் மிச்சமாகும் என்று சொல்லி அவர் காலத்தில் ஒரு பித்தளைச் சாமானை இதே இன்ஜினில் மாட்டியவன். வண்டி நடுப்பாலத்தில் படுத்துவிட்டது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, அவர் கரிக்கையோடு தலைகுனிந்து நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். "உங்க டீசல் சரியில்லண்ணே" என்று சிரித்தான் இவன். நீலக் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றைக்கு அவர் சொன்னதுதான் இன்றைக்கும். கம்பெனிக்காரன் வைக்காததை நாம் வைக்க வேண்டாம்.

"டப்பா வேண்டாம்" என்றேன். "அது அடைச்சுக்கிட்டா மூச்சு எந்தப் பக்கம் போகும்? இன்ஜின்ல இருக்கிற ரப்பர் சீலைப் பிச்சுக்கிட்டு வெளிய வராதா?"

"வரும் அத்தை. நீங்க சொல்றதும் சரிதான்."

சரிதானாம்! எனக்கு மார்க் போடுகிறாள்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் ஒரு குவளை. லாரியா, குடிகாரனா?

மார்ச் 8, சனி

விடவில்லை அவள். வண்டி என் பேரில் இருக்கிறது, என்னை மீறி மாட்ட முடியாது. அதனால் தினமும் அதே பேச்சு. கல்யாணமாகி மூன்றாம் நாள், இதே வாசற்படியில் பச்சைப் புடவையில் நின்று, "இந்தப் பழைய வண்டியை வித்துட்டா என்ன?" என்று கேட்டவள்தானே. இன்றைக்கு அந்த வண்டிக்கு டப்பா வேண்டுமாம்.

கடைசியில் ஒரு யோசனை சொன்னாள். விலைக்கு எதுவும் வாங்க வேண்டாம், இன்ஜின் மூச்சு விடுகிற குழாயை ஒரு வாரம் காலி பாட்டிலுக்குள் விட்டுப் பார்ப்போம், எவ்வளவு எண்ணெய் விழுகிறதென்று தெரிந்துகொண்டு முடிவு செய்வோம். ஒப்புக்கொண்டேன். கம்பி போட்டுக் கட்டினாள். ஆடாமல் அசையாமல் நின்றது. கட்டத் தெரிந்த கை.

மகன் எட்டிப் பார்த்து, "என்ன, லாரிக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களா?" என்றான். சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

மார்ச் 10, திங்கள்

பாட்டில் பாதி நிறைந்துவிட்டது! எனக்கே பகீர் என்றது.

மோப்பம் பிடித்தவன் போல 'நாளைக்கு' வந்து நின்றான், கையில் பளபளவென்று ஒரு டப்பா. "இப்பவே மாட்டிடலாம்மா." இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து இப்பவே வருகிறது. வாரம் முடியட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

செவ்வாய்க்கிழமை வெளியூர் லோடுக்குப் போனவள் இன்றுதான் திரும்பினாள். பாட்டில் காய்ந்து கிடந்தது.

"முதல் நாள் கொஞ்சம் கக்குச்சு, கொட்டிட்டேன். அப்புறம் சொட்டுக்கூட இல்ல. மேடெல்லாம் ஜம்முனு ஏறிச்சு."

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த குவளையைப் பார்த்தாள். அப்புறம் வாசல் சிமெண்டைப் பார்த்தாள். நான் வழக்கம்போல் குச்சி பார்த்து ஊற்றினேன்.

மார்ச் 15, சனி

தொட்டுவிட்டாள்! வண்டியைக் கழுவுவதாகத் தெருவுக்கு இறக்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கழுவவில்லை. குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

என் குச்சியை! என்னைக் கேட்காமல்!

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். பசிக்கலை என்றேன். பசித்தது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் 'நாளைக்கு' வந்தான். டப்பாவைத் துடைத்துக்கொண்டே, "பெரியம்மா என்ன சொல்றாங்க? வயசானவங்க, புதுசுன்னா பயப்படத்தான் செய்வாங்க" என்றான். நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"டப்பா வேண்டாம்ணே. அத்தை முதல் நாளே சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதுதான் சரி."

"அப்ப அவ்வளவு எண்ணெய் எங்கேருந்து வந்துச்சாம்?"

"அது எங்க வீட்டு விஷயம்."

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனான். தெருமுனை வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலத்தில் நின்ற மனுஷனும் என் பக்கத்தில் நின்று பார்த்தது போல் இருந்தது.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைதான். எங்க வீட்டு விஷயம் என்றாளே, எந்த விஷயம்? உட்கார்ந்து ஒவ்வொரு நாளாக யோசித்தேன். எண்ணெய் இறங்க ஆரம்பித்தது எப்போது? போன மழைக்கு முன்னால் தண்ணீர் தேங்குகிறதென்று மகன் வாசலைச் சிமெண்ட் போட்டு மேடாக்கினானே, அதற்குப் பிறகுதான். அதிலிருந்து வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. எண்ணெயெல்லாம் பின்னால் ஓடிவிடும், முன்னால் இருக்கிற குச்சியில் எப்படித் தெரியும்? போதாததற்கு வண்டி வந்த சூட்டிலேயே, எண்ணெய் கீழே வடிவதற்குள்ளேயே பார்க்கிறேன். குறைகிறதென்று நான் ஊற்ற, நிறைந்த வயிற்றில் மேலும் ஊற்றியதால் அது கக்கியிருக்கிறது. வெளியூரில் ஊற்ற ஆளில்லை, பாட்டில் காய்ந்தது.

எல்லாம் என் குவளை செய்த வேலை.

நேற்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். மென்று முழுங்கிவிட்டு, அத்தை சொன்னதுதான் சரி என்றாள். பொய்யும் இல்லை. டப்பா வேண்டாம் என்று சொன்னது நான்தானே?

இந்த வீட்டுக்கு வந்தவள் கெட்டிக்காரி. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரிந்த கெட்டிக்காரி.

மார்ச் 17, திங்கள்

காலையில் குச்சி துடைக்கிற துணியை அவளிடம் நீட்டினேன். அவருடைய பழைய சட்டையில் கிழித்தது. "இனிமே நீயே பாத்துக்க."

அவள் வாங்கவில்லை. "நீங்களும் வாங்க அத்தை. அதிகமா இருந்ததை சனிக்கிழமையே இறக்கிட்டேன். கிடங்குல தரை மட்டமா இருக்கும், இன்ஜின் ஆறினதும் ரெண்டு பேரும் பாப்போம்."

எத்தனை வருஷம் கழித்து லாரிப் படியில் கால் வைக்கிறேன்! முட்டி கெஞ்சியது. பின்னாலிருந்து கை கொடுத்தாள், தள்ளினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கிடங்குக்கு முன்னால் இருக்கிற பெரிய மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. நான் அவளைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தேன்.

கேட்டில் வாட்ச்மேன், "யாரு, புது கிளீனரா?" என்று கேலி செய்தான்.

"வண்டிக்கு ஓனர்" என்றேன். "இவ என் மருமக. வண்டி இவ பேச்சைத்தான் கேக்கும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும். மூன்றாம் நாள் கேட்டதை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இன்ஜின் ஆறியது. துணியை வாங்கிக்கொண்டு குச்சியை அவளே உருவினாள். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில், அளவாக நின்றது.

குவளையை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.