கட்டிலுக்கு ஆறு தலையணை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

எங்கள் ஹோட்டல் நிர்வாகம் இரண்டு நாள் கூடிப் பேசி, கட்டிலுக்கு நான்கு தலையணை போதாது, ஆறு வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. நீங்களும் பாப்பாவும் அத்தையும் சுகந்தானே? இடுப்பைத் தவிர நானும் சுகம்.

ஒரு நாளைக்குப் பதினாறு அறை. போன மாதம் மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. அறைக்கு வந்த விருந்தாளி, நான் குனிந்து வரவேற்பதாக நினைத்து அவரும் குனிந்தார். பிறகு பத்து நாள் மகாராணி மாதிரி படுத்திருந்தேன்.

நேற்று பாப்பாவின் ஆபரேஷனுக்கு லீவு கேட்டேன்.

"வருஷ லீவு மொத்தத்தையும் படுத்தே தீத்துட்டியேம்மா" என்றார் சூப்பர்வைசர் அக்கா.

"அது வலிக்கு எடுத்தது, அக்கா."

"வலிக்கா பிள்ளைக்கான்னு லீவுக்குத் தெரியுமா? எல்லாம் ஒண்ணுதான்."

இவ்வளவு சமத்துவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இடுப்பில் இறுக்கிக் கட்ட உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை. பாப்பா இடது பக்கம் ஒருக்களித்தால்தான் தூங்குவாள், நர்ஸிடம் சொல்லிவையுங்கள். ஹோட்டல் வேன் வந்துவிட்டது, கீழே கூப்பிடுகிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில் தாயின் கையெழுத்து கேட்பார்கள். அத்தையைப் போடச் சொல்லுங்கள்.