சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு மீன்

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று பேனாவுக்கு மாறிவிட்டேன். பென்சிலில் ஒரு நோட்டு முடிந்தால் பேனா எடுக்கலாம் என்று முதியோர் வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். முடிந்துவிட்டது. எழுபத்தோரு வயதில் ஒரு நோட்டு முழுக்க என் எழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, உயில் எழுதறீங்களா?" என்றார். "இல்ல, இப்பத்தான் உயிரெழுத்து முடிஞ்சிருக்கு" என்றேன்.

பேத்தியும் அவளுடைய இரண்டு சிநேகிதர்களும் கடல் தாண்டி மீன் பிடிக்கப் போகிறார்கள். மூன்று வருடமாகத் திட்டம். இப்போதுதான் மூவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. என் மகள், "பெரியவங்க யாராவது கூடப் போனா அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் வேலைவெட்டி இல்லாத பெரியவன் நான் ஒருவன்தான். ஆகவே நானும் போகிறேன். வீட்டுக்குக் காவல் இருந்த பூட்டுக்குக் கால் முளைத்த கதை.

முப்பத்தெட்டு வருடம் மார்க்கெட்டில் மீன் வெட்டியவன் நான். என் வெட்டுக் கட்டைக்குச் செத்ததும் வரும், துடிப்பதும் வரும். கடலில் பிடித்து நான் பார்த்ததே இல்லை. பழக்கதோஷம், என் கத்தியையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 2, திங்கள்

வந்து இறங்கியதும் பலகைகளைப் படிக்கலாம் என்று ஆசையாக நிமிர்ந்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. இங்கே எழுத்தே வேறு. கஷ்டப்பட்டு வாங்கிய கண்ணை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னபோது கட்டைவிரலை நீட்டவில்லை. தமிழில் போட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. சரிக்குச் சரி.

மார்ச் 3, செவ்வாய்

தங்கியிருப்பது ஒரு சலவைக் கடையின் மாடியில், இரண்டு அறை. நாள் முழுக்கச் சோப்பு வாசனை.

பேத்தியின் ஆபீஸ் நண்பனை நெட்டை என்கிறார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறான். பள்ளிக்கூடச் சிநேகிதி கோட்டான். முகத்தில் பாதி கண்ணாடிதான். எனக்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். கேட்கவில்லை.

படகுக்குச் சொந்தக்காரர் ஒரு ஐம்பது வயதுப் பெண். நான் படகம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். பேத்தியும் அவரும் பாதி வாயாலும் பாதி கையாலும் பேசுகிறார்கள்.

கிளம்பும் முன் படகம்மா ஒரு பலகையைக் காட்டினார். மீனை நீளம் பார்க்கும் பலகை. அதில் ஒரு சிவப்புக் கோடு. மீன் கோட்டுக்குள் அடங்கினால் ஐஸ்பெட்டிக்கு. கோட்டுக்கு மேல் போனால் உயிரோடு கடலுக்கு. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். என் முகத்தையும். பேத்தி தமிழில் சொன்னாள். தலையாட்டினேன்.

சின்னதை வைத்துக்கொண்டு பெரியதை விடுவதா? எங்கள் மார்க்கெட்டில் பெரியதைத்தான் முன்னால் வைப்போம். கேட்டேன். "பெருசுதான் தாத்தா நிறைய முட்டை போடும். அதைத் தின்னுட்டா சின்னது எங்கேருந்து வரும்?" என்றாள் கோட்டான். நியாயமாகத்தான் இருக்கிறது. மண்டையில் ஏறிவிட்டது. உடம்புக்குள் இறங்கவில்லை.

மார்ச் 4, புதன்

நெட்டை இன்று மூன்று மீன் பிடித்தான். பிடித்தான், போட்டோ எடுத்தான், விட்டான். இதற்கு இவ்வளவு தூரம் வருவானேன் என்று கேட்டேன்.

"இழுக்கும்போது கையில ஒரு வேகம் வரும் பாருங்க தாத்தா, அதுக்குத்தான்" என்றான். தூண்டிலை என்னிடம் கொடுத்தான். அரை நாள் பிடித்திருந்தேன். ஒன்றும் கடிக்கவில்லை. மீன்களுக்கு என் கை வாசனை தெரிந்திருக்கும்.

மார்ச் 5, வியாழன்

இன்று ஒரு மீனைக் கொன்றுவிட்டேன். நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

நேற்று நடந்தது.

கோட்டானின் தூண்டிலில் ஒரு பாறை மீன் மாட்டியது. நாற்பது நிமிடம் இழுத்தாள். அவள் விழாமல் இருக்க நெட்டை பின்னால் சுவர் மாதிரி நின்றான். பேத்தி அவள் வாயில் தண்ணீர் ஊற்றினாள். படகம்மா சுக்கானை விட்டு நகர முடியாமல் அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மீன் மேலே வந்தது. வெள்ளித் தாம்பாளம் போல. ஈரத் துணியில் என் காலடியில் கிடத்திவிட்டு, மூன்று பேரும் பலகையையும் போனையும் எடுக்கத் திரும்பினார்கள். கோட்டான் அழுதபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மீன் ஒரு துள்ளு துள்ளியது. அவ்வளவுதான். இடது கை தலையை அழுத்தியது. வலது கை இடுப்பில் இருந்த கத்தியை எடுத்துச் செவுளுக்குள் விட்டது. மீன் துடித்தால் முப்பத்தெட்டு வருடமாக நான் செய்வது அதுதான். உடனே ரத்தம் வடித்தால்தான் சதை வெள்ளையாக இருக்கும். "நல்ல மீன்" என்று வேறு சொன்னேன்.

நிமிர்ந்தால் மூன்று பேரும் சிலையாக நிற்கிறார்கள். பேத்தி "தாத்தா" என்றாள்.

பலகையில் வைத்துப் பார்த்தார்கள். சிவப்புக் கோட்டுக்கு மேல் இரண்டு சாண்.

படகம்மா அதைக் கடலில் வீசியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வீசவில்லை. ஐஸ்பெட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். துறையில் தினமும் பெட்டி திறந்து பார்க்கும் தொப்பிக்காரர் அளந்தார். படகம்மாவின் உரிமச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். திங்கள்கிழமை நாங்கள் அவருடைய ஆபீஸுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். பயணிகளுக்குச் சட்டத்தைச் சொல்லாமல் படகம்மா கூட்டிப் போயிருந்தால், இந்தப் பருவம் முடியும்வரை அவர் படகு கரையில்தான். இதெல்லாம் பேத்தி சொன்னது.

கத்தியைக் கழுவித் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

கடல் இல்லை. கோட்டான் என்னிடம் பேசவில்லை. அவள் திட்டினால் நன்றாக இருக்கும்.

ஆபீஸில் கொடுக்க வேண்டியதை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நெட்டை எழுதினான். முதலில் தமிழில் எழுதி, பிறகு பேத்தி அதை இந்த ஊர் ஆபீஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவாளாம். தாளை அப்படியே மேசையில் விட்டுவிட்டு மூவரும் ரொட்டி வாங்கப் போனார்கள். என்னை வைத்துக்கொண்டு அதை மறைக்கத் தோன்றவில்லை. தாத்தாவுக்குப் பெயர் எழுத வரும், மற்றதெல்லாம் கிறுக்கல் என்று நினைப்பு.

விரல் வைத்துப் படித்தேன். "பெரிய மீனைக் கொல்லக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை."

நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ? இன்னொரு முறை படித்தேன். இல்லை. எழுத்து அதேதான்.

மார்ச் 8, ஞாயிறு

பேத்தி மாற்றி எழுதிய தாளை நீட்டினாள். "கடைசியில ஒரு கையெழுத்து போதும் தாத்தா."

"என்ன எழுதியிருக்கு?"

"நடந்ததுதான்."

முன்பு மார்க்கெட்டில் இப்படித்தான் ஒரு தாள் வந்தது. கூரை மாற்றப் போகிறோம் என்று வாசித்துக் காட்டினார்கள். விரலை வைத்தேன். அடுத்த வாரம் என் கட்டையைச் சாக்கடை ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினோரு வருடம் அங்கே நின்றேன்.

"படகம்மாதான் பலகையைக் காட்டிச் சொன்னாங்களே" என்றேன்.

பேத்தி என்னைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். "நீங்க... படிச்சீங்களா?"

"மெதுவா."

நெட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "உங்களுக்காகத்தான் தாத்தா. உங்க மேல கேஸ் ஆச்சுன்னா ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க. உங்க மகளுக்கு யார் பதில் சொல்றது?"

"அதுக்கு அந்தம்மா படகைக் கரையில கட்டணுமா?"

"நாம வெள்ளிக்கிழமை போயிடுவோம். அவங்க எப்படியும் சமாளிச்சுக்குவாங்க."

பிறகு கோட்டான் பேசினாள், மூன்று நாளுக்குப் பிறகு. "அவங்க சொன்னாங்க. நான் கேட்டேன்."

இவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. எனக்காகச் சொல்லும் பொய். அதுதான் எனக்கு விளங்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறவர்களிடம் எப்படிக் கோபப்படுவது?

மார்ச் 9, திங்கள்

ஆபீஸில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"படகுக்கார அம்மாள் பலகையைக் காட்டிச் சட்டத்தைச் சொன்னார். என் பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்கு விளங்கியது. என் காது கேட்டது. என் கை கேட்கவில்லை. மீன் வெட்டிப் பழகிய கை. கொன்றது நான்."

எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆபீஸர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பேத்தி அதை வாசித்து மாற்றிச் சொன்னாள். ஆபீஸர் என் கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். விரல்களில் இருக்கும் வெட்டுத் தழும்புகளைப் பார்த்தார். தாளில் ஒரு முத்திரை குத்தினார்.

என் மேல் கேஸ் இல்லை. ஆனால் எங்கள் நாலு பேருக்கும் இந்த முறை இனிப் படகு கிடையாது. படகம்மாவின் சீட்டு? விசாரித்துப் பிறகு சொல்வார்களாம்.

மார்ச் 10, செவ்வாய்

மூன்று வருடத் திட்டம். மூன்றே நாள் கடல். நெட்டை ஜன்னலில் உட்கார்ந்து துறையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் செய்தது சரியா? சரி என்றால் ஏன் எல்லோர் முகமும் இப்படி இருக்கிறது?

கோட்டான் வந்து, "அதுக்கு வலிச்சிருக்குமா தாத்தா?" என்றாள்.

"என் கத்தியில வலிக்காது."

முப்பத்தெட்டு வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். எந்த மீன் வந்து என்னிடம் சொன்னது?

மார்ச் 13, வெள்ளி

பஸ் நிலையத்துக்குப் படகம்மா வந்தார். பேத்தி டிக்கெட் வாங்கப் போயிருந்தாள். படகம்மா என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ நீளமாகச் சொன்னார். இரண்டு தட்டுத் தட்டினார். போய்விட்டார்.

திட்டினாரா, வாழ்த்தினாரா? மாற்றிச் சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகள் கேட்டாள், "பிள்ளைங்க ஒழுங்கா இருந்தாங்களாப்பா?" பிள்ளைகள் ஒழுங்காகத்தான் இருந்தார்கள் என்றேன். பெரியவனைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

படகம்மாவின் சீட்டு பற்றி இன்னும் தகவல் இல்லை. பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீச்சர் கூட்டெழுத்து நன்றாக வருகிறது என்றார்.

ஜூன் 9, செவ்வாய்

காலையில் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேத்தி எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, இடம் விட்டு எழுதியிருந்தாள்.

"தாத்தா, படகம்மாவுக்குச் சீட்டு திரும்பக் கிடைச்சிடுச்சு. உங்க தாளை ஆபீஸ்ல பத்திரமா வச்சிருக்காங்களாம். அடுத்த மார்ச்ல நாங்க மூணு பேரும் மறுபடி போறோம். நீங்களும் வரணும்னு கோட்டான் சொல்றா. படகம்மாவும் சரின்னுட்டாங்க. கத்தி மட்டும் வீட்லயே இருக்கணுமாம். சாவி ஜன்னல்ல இருக்கு."

இந்த வீட்டில் இதுவரை எனக்கு யாரும் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போனதில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். நின்றபடி ஒரு முறை படித்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு முறை படித்தேன்.

தாளின் அடியில் இடம் இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்:

"கத்தி வீட்டில் இருக்கும். கையை என்ன செய்வது என்று கேட்டுச் சொல்."