ஒலியை முந்திய மற்ற விமானம்

இங்கே இத்தாலியில், பல்லரோ சந்தையில் பழைய சாமான் விரித்திருந்த ஒருவன் நேற்று என்னிடம் ஒரு தகர விமானத்தை நீட்டி, "கொன்கோர்ட், சிஞ்ஞோரே, ஒரிஜினாலே!" என்றான். கூர்மூக்கு, முக்கோண இறக்கை, எல்லாம் சரிதான். ஆனால் விமானியின் அறைக்குப் பின்னால், தலையில் முளைத்த காதுகள்போல இரண்டு சின்னச் சிறகுகள். அது கொன்கோர்ட் இல்லை. அதைப்போலவே ஒலியை முந்திப் பறக்கச் சோவியத் நாடு செய்த மற்றது. அந்தச் சந்தையில் போலியை அசல் என்று விற்பது வழமை. ஓர் அசலை இன்னொன்றின் பெயரில் விற்றதை நேற்றுத்தான் கண்டேன். உம்மை நினைக்காமல் எப்படி வர முடியும்?

நீர் அதில் பறந்ததாகச் சொன்னீர். மொஸ்கோவில் பொறியியல் படித்த காலத்தில், அல்மா அத்தா நகருக்கு. பிறகு இங்கே நீர் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, விருந்தாளிகளிடம் "எங்கள் ஆள் கொன்கோர்டில் பறந்தவர்" என்று பெருமைப்படும்போதெல்லாம், கோப்பித் தட்டுடன் நின்று, "இல்லை சிஞ்ஞோரா, மற்றது" என்று திருத்தினீர்.

நான் நம்பவில்லை. அந்த விமானத்தின் சரித்திரமே நம்பிக்கைக்கு இடம் தராதது. கொன்கோர்டுக்கு முன்பே பறந்தது. ஆகவே கொன்கோர்டின் வரைபடத்தைக் களவெடுத்துச் செய்தது என்றார்கள். பாரிஸ் வான்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்க விழுந்தது. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம். பிறகு அதில் தபால் ஏற்றினார்கள். கடிதங்கள் முறைப்பாடு செய்வதில்லை. மனிதர்களை ஏற்றியது சில மாதங்கள்தான். பல ஆண்டுகள் கழித்து, அதைப் பார்த்துச் சிரித்த அமெரிக்கர்களே ஆராய்ச்சிக்காக ஒன்றை மீண்டும் பறக்கவைத்தார்கள். இப்படிப்பட்ட விமானத்தில், ஊர்காவற்றுறையிலிருந்து போன ஒரு மாணவன்!

"உமக்கு ஆர் ஐசே டிக்கெட் தந்தது?"

"எங்கட பேராசிரியருக்கு ஏறப் பயம். தன்ரை இடத்தை எனக்குத் தந்தவர்."

"களவெடுத்த வரைபடமெண்டு சொல்லுறாங்களே?"

"காத்து எல்லா நாட்டிலையும் ஒண்டுதானே. அதைக் கிழிக்கிற சாமானும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"உள்ளை எப்பிடி?"

"ஒரே இரைச்சல். பக்கத்திலை இருந்தவரோடை கதைக்கேலாது. கடதாசித் துண்டிலை எழுதிக் குடுத்தனான்."

"என்ன எழுதினனீர்?"

"எப்ப இறங்குமெண்டு."

இரைச்சலைப் பற்றி நானும் வாசித்திருந்தேன். நீரும் அதையே வாசித்திருப்பீர் என்று முடிவு செய்தேன்.

பிறகு நீர் போய்விட்டீர். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அச்சிட வேண்டியிருந்தது. ஒருவரின் வாழ்க்கையைச் சிறு புத்தகமாக்கிக் கோயில் வாசலில் கொடுக்காவிட்டால், எங்கள் ஆட்களிடம் அவர் முழுதாக இறந்ததாகக் கணக்கில்லை. எழுதும் வேலை என்னிடம் வந்தது. வழக்கமாக அந்த மலர்களில் நான் எதையும் சோதிப்பதில்லை. இறந்தவர்கள் அனைவரும் பண்பாளர்கள். எவருக்கும் கோபமே வந்ததில்லை.

உமது மனைவி என்னைத் தேடி வந்தார்.

"அண்ணை, அவர் அந்தப் பிளேனிலை பறந்தது மெய்யோ? பொய்யெண்டால் போடாதேங்கோ. கோயில்லை வைச்சு ஆக்கள் அவரைப் பாத்துச் சிரிச்சால் என்னாலை தாங்கேலாது."

"நீங்கள் அவரிட்டைக் கேக்கேல்லையோ?"

"கேட்டால், நான் நம்பேல்லை எண்டு ஆயிடுமே."

நான் யோசித்தேன். பொய் வளரும். கடலால் இத்தாலிக்கு வந்த கதையை எங்கள் ஆட்கள் சொல்லச் சொல்ல, வருடத்துக்கு வருடம் அலை உயர்ந்திருக்கிறது. உமது கதையில் வேகம் கூடவில்லை, உயரம் கூடவில்லை. பக்கத்து ஆசனத்தில் ஒரு மந்திரிகூட வந்து உட்காரவில்லை. பொய் சொல்பவன் இதைவிட நன்றாகப் பறந்திருப்பான். அதேவேளை, விசாரணைகளுக்குப் பேர்போன அந்த நாட்டில் படித்தவருக்கு ஒரு கதையை மாற்றாமல் சொல்லத் தெரிந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றாமல் இல்லை.

"போடுவம் தங்கச்சி," என்றேன். "பறந்ததாகக் கூறுவார்" என்று எழுதவில்லை. "பறந்தார்" என்றே எழுதினேன்.

பூசை முடிந்ததும் ஒருவர் மலரைப் புரட்டிவிட்டு, "இது மெய்யோ? ஆர் பாத்தது?" என்று கேட்டார். உமது மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம், மெய்தான்," என்றேன்.

கேட்டவர் சிரிக்கவில்லை. உம்மை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து எவர் கேட்டாலும் உமது பயணத்தை நான்தான் சொல்கிறேன். நீர் சொன்னதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஒரேயொரு முறை, உமக்குச் சன்னலோரத்து ஆசனம் ஒன்று கொடுக்க ஆசை வந்தது. கொடுக்கவில்லை.