திவானின் எடை

மார்ச் 2

அண்ணன் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒன்பது வருடமாகச் சிறைவாசம் செய்யும் நான், இன்று என்னைவிடப் பரிதாபமான இரண்டு கைதிகளைக் கண்டுபிடித்தேன். அண்ணன் மகள் கல்யாணமாகி அயல்நாடு போனபோது விட்டுச் சென்ற ஆமைகள். பின்பக்க பால்கனியில் கண்ணாடித் தொட்டி, அதன்மேல் துண்டு போர்த்தி. சூரியன் என்று ஒருவன் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

"தூங்குதுங்க தம்பி, எழுப்பிடாதீங்க" என்றார் அண்ணி.

பதினோரு மாதமாகவா?

ஓடு மட்டும் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல மின்னுகிறது.

மார்ச் 3

அட்டைப் பெட்டியில் ஊர்வலமாகக் கால்நடை மருத்துவரிடம் போனோம். சீட்டு எழுதப் பெயர் கேட்டார்கள். பெரியதற்கு மகாராஜா, சின்னதற்கு திவான் என்று நின்ற இடத்திலேயே பட்டம் சூட்டினேன்.

மருத்துவர் சின்னப் பெண். விரலால் அழுத்தினார், ஓடு அமுங்கியது. திவானுக்குக் கண் இரண்டும் வீங்கி மூடியிருக்கிறது.

"எண்ணெய் தடவினது யார் சார்? அழுக்கு சேர்ந்து அடியில ஓடு அழுகுது பாருங்க."

நானில்லை என்று மூவுலகமும் கேட்கச் சொன்னேன்.

அதன்பின் தண்டனை வாசித்தார். காலை ஏழு, மாலை ஐந்து, தாடை நனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தலைக்கு மேல் தனி விளக்கு, தினமும் எடை. எண்ணெய் கூடாது. ஒரு வேளை தப்பக்கூடாது. இரண்டு மூன்று மாதம் ஆகுமாம்.

"பெருசு தேறிடும். சின்னது தானா வாய் வச்சுச் சாப்பிட்டாதான் பிழைக்கும் சார்."

எல்லாவற்றையும் அண்ணனிடம் ஒப்பித்தேன். "நேத்துப் பொறந்த பொண்ணு, அதுக்கென்னடா தெரியும்" என்றார்.

மார்ச் 4

விதி என்னோடு விளையாடுகிறது. வெளியூரில் கிடங்கு மேனேஜராக இருக்கும் பழைய சிநேகிதன் போன் செய்தான். சரக்குக் கணக்கர் வேலை, தங்க அறை. ஜன்னலோடு! ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் அங்கே நிற்க வேண்டும். தவறினால் வேறு ஆள்.

ஒன்பது வருடம் தவம் கிடந்தது இதற்குத்தானே. இப்போது பார்த்து எட்டுக் கால்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. பாற்கடல் கடைந்தபோது மலையையே அசையாமல் தாங்கிய வம்சம். என்னை விடுமா?

"போறதுன்னா போ. நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். இத்தனை நாள் அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே.

மார்ச் 9

மகாராஜா கீரையைக் கடித்தார். எட்டுத் திக்கும் அதிர்ந்தது. திவான் 396 கிராம். போன வாரத்தைவிடக் குறைவு.

மார்ச் 14

391. கடைத்தெருவில் நின்றாலும் நாலரைக்குக் கால் தானாக வீட்டுக்குத் திரும்புகிறது. சோப்புப் பெட்டியை இடம் மாற்றினால்கூட விசாரணை வைக்கும் வீடு. போதாததற்கு நாளுக்கு இரண்டு முறை ஆஜர்.

மார்ச் 17

388.

மார்ச் 19

மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து போனால், பால்கனியில் அண்ணன். சட்டையை மடித்துவிட்டு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் பஞ்சுமாக. திவானின் முதுகு மின்னுகிறது.

"யோவ், கொல்றியா அதை?" என்றேன். அண்ணனைப் பார்த்து! இதுவரை எதிரே நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காஞ்சு கெடக்குதேடா... பாப்பா 'பாத்துக்கோப்பா'ன்னு சொல்லிட்டுப் போனா. எனக்கென்ன தெரியும்? வாரம் தவறாம இதைத்தான் செஞ்சேன்."

அண்ணி வாசற்படியில் நின்று, "அவ போன்ல கேக்கறப்பல்லாம், பளபளன்னு இருக்கும்மான்னு இவரு பெருமையாச் சொல்லுவாரு தம்பி" என்றார்.

வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தேன்.

ஆளுக்கொரு பழைய டூத் பிரஷ். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் எண்ணெயைக் கழுவினோம். நடுவில் ஒரு முறை:

"அழுத்தாதேண்ணா."

"சரிடா."

மார்ச் 24

அண்ணன் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களை முப்பது வருடம் கதிகலங்க வைத்தவர், இன்று என் சமையலறைத் தராசைச் சோதித்து, இரண்டு கிராம் பிசகு என்று தீர்ப்பளித்தார். புதுத் தராசும் வெப்பமானியும் வாங்கியிருக்கிறார். ஏழு மணிக்கு நான் போவதற்குள் தண்ணீர் தயார். தொட்டால், "தள்ளு, ஈரக்கை" என்கிறார்.

புதுத் தராசில் திவான் 386. ஊசிக்குழாயில் கூழ் ஊட்டுகிறோம். பாதி வழிந்துவிடுகிறது. கண் திறக்கவில்லை.

மார்ச் 30

384. எப்படிடா விட்டுட்டுப் போறது?

வரவில்லை என்று சிநேகிதனிடம் சொல்ல மூன்று முறை போனை எடுத்தேன், வைத்தேன். என்னையே ஒன்று கேட்கிறேன், நீயே பதில் சொல் — போக முடியவில்லையா, போகப் பயமா? முதலில் அண்ணனுக்கு முட்டிவலி என்றாய். அப்புறம் பாப்பாவின் கல்யாணம். இப்போது ஆமை. கதவை யாராவது பூட்டினார்களா?

பதில் தெரியவில்லை. தெரிகிறது. எழுத மாட்டேன்.

மார்ச் 31

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். என் பெட்டியை அண்ணனே தூக்கி வாசலில் வைத்தார்.

"பஸ்ஸு அஞ்சேகாலுக்கு. அஞ்சு மணிக் குளியல் என்னோடது. கெளம்பு."

"செத்துப்போச்சுன்னா?"

"செத்தா என் கையில சாகட்டும். உனக்குத் தாங்காது."

ஏப்ரல் 1

ஜன்னல் இருக்கிறது. எதிரே தகரச் சுவர், ஆனாலும் ஜன்னல். ஏழரைக்குப் போன்: "முந்நூத்தி எண்பத்தி மூணு." வைத்துவிட்டார்.

ஏப்ரல் 5

"எண்பத்தி மூணு. குறையல."

ஏப்ரல் 6

"இடது கண்ணு கொஞ்சூண்டு தொறந்திருக்கு. இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு தெரியல. வைக்கிறேன்."

ஏப்ரல் 9

மாலை ஐந்தரை. சரக்கு இறக்கும் நேரத்தில் போன்.

"பேசாதே. கேளு" என்றார் அண்ணன்.

காற்று இரைந்தது. அண்ணி எதற்கோ "ஸ்ஸ்" என்றார். பிறகு, நறுக்.

கொஞ்சம் இடைவெளி. இன்னொரு நறுக்.

"மகாராஜாவா?"

"அவன் அந்தாண்ட தூங்கறான். வெள்ளரிக்கா. நான் ஊட்டல. தானா வந்தான்டா..."

லாரி ஓட்டுநர் சீட்டை நீட்டிக்கொண்டு வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். பாவம், அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது நறுக் வரும்வரை நின்றோம்.

"என்ன சார், வீட்டுல ஏதாவது விசேஷமா?"

"திவான் சாப்பிடறார்" என்றேன்.